மிஷினைப் போடுங்க, கண்ணு

எங்கப்பா நாயைக்கூட "போங்க" என்றுதான் விரட்டுவார். கதை விடவில்லை. வாசலில் படுத்திருக்கும் தெருநாயைப் பார்த்து, "சித்த அக்கட்ட போங்க சாமி" என்பார். நாயும் எழுந்து போகும். இதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரம்மா ஒரு நாள் என் அம்மாவிடம், "நீங்க குடுத்து வெச்சவங்கொ" என்றாள். அம்மாவின் இடது கை அப்போது முந்தானைக்குள் ஒளிந்திருந்தது. நடுவிரல் வீங்கிப்போய் இரண்டு நாளாகப் பாத்திரம் தேய்க்க முடியவில்லை. "ஆமாங்க" என்றாள் அம்மா.

எங்கள் பக்கத்தில் இந்த 'ங்க'வுக்கு இருக்கிற மவுசு சாமிக்குக்கூட இல்லை. ஒருத்தன் என்ன அயோக்கியத்தனம் வேண்டுமானாலும் செய்யட்டும், பேச்சில் 'ங்க' இருந்தால் போதும், தங்கமான மனுசன். திருப்பூருக்குப் பிழைக்க வந்த வெளியூர்க்காரர்களும் முதல் வாரம் இதில் மயங்கிப் போவார்கள். என்ன மரியாதை, என்ன பணிவு! மண்ணாங்கட்டி. என் அம்மாவை அறைவதற்கு முன்னால்கூட எங்கப்பா "கன்னத்தைக் காட்டுங்க" என்றுதான் சொல்லியிருப்பார். நான் பார்த்ததில்லை. கேட்டதும் இல்லை. அதற்குத்தான் மிஷின் இருந்ததே.

எங்கள் வீட்டுக்கு முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஷெட். அதில் எட்டு தையல் மிஷின். பெரிய கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் பனியன் துணியை வாங்கி வந்து தைத்துக் கொடுப்பது அப்பாவின் தொழில். ஷெட்டுக்குப் பின்னால் ஒரு ஹால், ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, அதில் நாங்கள் மூன்று பேர். மத்தியானம் ஒரு மணிக்கு டெய்லர்கள் எல்லாம் சாப்பிடப் போய்விடுவார்கள். இரண்டு மணிக்குத்தான் திரும்பி வருவார்கள். அந்த ஒரு மணி நேரம்தான் எங்கள் குடும்பம் சேர்ந்து சாப்பிடும் நேரம். பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமையிலும் பரீட்சை லீவிலும் நானும் கூட இருப்பேன்.

ரசத்தில் புளி தூக்கலாக இருக்கும். இல்லாவிட்டால் அம்மா காலையில் யாரையோ பார்த்துச் சிரித்திருப்பாள். காரணமா முக்கியம்? அப்பா முழுசாகச் சாப்பிட்டு முடிப்பார். சோற்றை வீணாக்குவது அவருக்குப் பிடிக்காது, நல்ல மனுசன் பாருங்கள். கை கழுவி, துண்டில் விரல் விரலாகத் துடைத்துவிட்டு, "அம்மிணி, சித்த ரூமுக்கு வாங்க" என்பார். அம்மா போவாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "கண்ணு, நீங்க போய் மிஷினைப் போடுங்க" என்பார்.

எனக்கு அப்போது ஆறு வயது. ஷெட்டில் ஓரமாக இருந்த ஓவர்லாக் மிஷின்தான் என்னுடையது. சுவிட்சைத் தட்டினாலே மோட்டார் இரையும். பெடலை மிதித்தால் காது அடைத்துப் போகும். கீழே கிடக்கும் வேஸ்ட் துணியில் ஒன்றை எடுத்து ஊசிக்கு அடியில் விட்டு ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அது முடிந்தால் இன்னொன்று. அப்பா கதவைத் திறந்துகொண்டு வருகிற வரைக்கும் காலை எடுக்கக் கூடாது. வந்ததும் நான் தைத்த துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "பரவாயில்லைங்களே, நேரா வந்திருக்குது" என்பார். அந்தப் பாராட்டைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் கூசும். ஆனாலும் அடுத்த தடவை இன்னும் நேராகத் தைப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

ஏனென்றால், ஒரு கணக்கு என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் சுவிட்ச் போட்ட பிறகுதான் அடி விழுகிறது. அப்படியானால் நானும் சேர்ந்துதானே அடிக்கிறேன்? யாரிடமும் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை அடி கிடையாது. லீவு நாளில் மிஷின் ஓடினால் அக்கம்பக்கம் என்ன ஏது என்று கேட்கும் அல்லவா? எல்லார் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்பார்கள். எங்கள் வீட்டில் அம்மா நிமிர்ந்து நடப்பாள். நான் ஏழாவது படிக்கிற சமயத்தில் கரண்ட் கட் வந்து ஊரே நாறியது. முதலாளிகள் கவர்மெண்டைத் திட்டினார்கள், டெய்லர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். இந்தத் திருப்பூரிலேயே கரண்ட் போக வேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருக்கும். ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரைக்கும் மட்டும் போனால் போதும், தாயே.

பள்ளிக்கூடம் போனால் தப்பித்தேன் என்று நினைக்காதீர்கள். மத்தியானம் ஒன்றரைக்கு முதல் பீரியடு ஆரம்பித்ததும் பெஞ்சுக்கு அடியில் என் வலது கால் தானாக மிதிக்கும். டக்டக்டக்கென்று பெஞ்சே ஆடும். வீட்டில் இப்போது யார் மிஷின் போடுகிறார்கள்? யாரும் போடாவிட்டால் சத்தம் வெளியே கேட்டுவிடுமே? டீச்சர் போர்டில் பின்னக் கணக்கு போடுவார். என் காது இரண்டும் எங்கள் வீட்டு ரூம் கதவில் ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை ஒரு நாள் பொறுக்க முடியாமல் என் முட்டியை அழுத்திப் பிடித்தாள். அவள் கையைக் கடித்துவிட்டேன். பல் பதிந்து ரத்தம் வந்துவிட்டது.

டீச்சர் நல்லவர்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கண்ணு, இங்க வாங்க, ஏனுங்க இப்படிப் பண்றீங்க?" என்று தணிந்த குரலில் கேட்டார். அதைக் கேட்டதும் நான் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாவாடை நனைந்துவிட்டது. அதட்டியிருந்தால் நின்று பதில் சொல்லியிருப்பேன். எங்கள் வீட்டில் அதட்டல் என்றைக்கும் யாரையும் அடித்ததில்லையே. அப்பாவை வரச் சொன்னார்கள். வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. "சிரமம் குடுத்ததுக்கு மன்னிச்சுக்கோங்க டீச்சர், நான் பாத்துக்கறனுங்க" என்றார். அவர் போன பிறகு டீச்சர் பெருமூச்சு விட்டு, "இத்தனை தன்மையான மனுசனுக்கு இப்படி ஒரு ரவுடிப் புள்ளையா!" என்றார். எனக்குப் படிப்பு ஏறவில்லை, புத்தி கோணல், யாரோடும் சேர மாட்டேன், கடிப்பேன். இதெல்லாம் என் பிறவிக் குணம் என்று முடிவாகிவிட்டது. அப்பாவுக்கு ஊரில் அனுதாபம் வேறு.

ஒரே ஒருத்திக்கு மட்டும் புரிந்தது. எங்கள் ஷெட்டில் தைத்துக்கொண்டிருந்த தூத்துக்குடிக்கார அக்கா. அவள் பேச்சை எங்கள் ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டுதான் கேட்பார்கள். தன் மகளை, "ஏ மூதி, எங்கட்டி போய்த் தொலைஞ்ச? வாட்டி இங்க!" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள். முதலில் எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்து ஓடி வரும். கத்தின ஆளை நோக்கி ஒரு பிள்ளை ஓடுகிறதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன்.

ஒரு மத்தியானம் அந்த அக்கா சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமாகவே வந்துவிட்டாள். நான் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். என் முகத்தைப் பார்த்தாள், மூடியிருந்த ரூம் கதவைப் பார்த்தாள். நேராக வந்து என் மிஷின் சுவிட்சை அணைத்துவிட்டுக் கதவைப் போய் இரண்டு கையாலும் தட்டினாள். அப்பா வெளியே வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "என்னுங்க அம்மிணி, டைம் ஆகலீங்களே?" என்றார். "பொம்பளையப் போட்டு அடிச்சிட்டு என்னத்த 'என்னுங்க' வேண்டிக் கெடக்கு? ஒம்ம மரியாதையக் கொண்டுபோய்க் குப்பையில போடும்!" என்றாள் அவள். அன்றோடு அவளுக்கு வேலை போய்விட்டது. என்ன காரணம் என்று கேட்டவர்களுக்கு அப்பா சொன்ன பதில்: "வாய்த் துடுக்குங்க. மரியாதை தெரியலைங்க." எல்லாரும் தலையாட்டினார்கள்.

நான் வளர்ந்தேன். எப்படியோ பன்னிரண்டாவது முடித்து, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய், இப்போது சூப்பர்வைசர். என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் பணிவின் திலகங்கள். "சௌக்கியமாங்க, சமைக்கத் தெரியுமாங்க" என்று அவர்கள் இழுக்கும்போதே நான் காப்பித் தட்டோடு உள்ளே திரும்பிவிடுவேன். ஒருத்தர் மட்டும் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன இது, சக்கரையே இல்ல" என்று முகத்தைச் சுளித்தார். ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம் எல்லாம் திகைத்துப் போனார்கள். இந்த ஆளுக்குத்தான் கழுத்தை நீட்டுவேன் என்று அங்கேயே முடிவு செய்தேன். தப்பாகப் போகவில்லை. கோபம் வந்தால் காட்டுக் கத்தல் கத்துவார், பத்து நிமிஷத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்.

எங்களுக்கு ஒரே மகள், ஏழு வயது. அவள் மேல் ஒரு விரல்கூடப் படக் கூடாது என்று சபதம் எடுத்திருந்தேன். காப்பாற்றியும் வந்தேன். பஸ் ஸ்டாப்பில் பிள்ளையை அறைகிற தாய்மாரைப் பார்த்தால் எனக்கு அப்படி ஒரு இளக்காரம். நானெல்லாம் யார்! பெரிய உத்தமி. அந்த உத்தமி என்ன செய்தாள் தெரியுமா? பள்ளிக்கூட வேன் நாலு மணிக்குப் பிள்ளையை இறக்கிவிடும், எனக்கு வேலை முடிய ஏழாகும் என்பதால், தினமும் சாயங்காலம் அவளைத் தன் அப்பன் வீட்டிலேயே விட்டு வைத்தாள்.

அப்பா மிஷின்களை விற்றுவிட்டு ஓய்வாக இருந்தார். என் மகளுக்கு அப்புச்சி, கோயில் கமிட்டிக்குத் தலைவர், வேறென்ன. "வயசாயிருச்சு கண்ணு, இப்பெல்லாம் அடங்கிட்டாரு" என்று அம்மா சொன்னாள். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. ஆளுக்கு ஆள் ஆயாவா கிடைக்கிறது இந்த ஊரில்?

போன வருசம் மகளின் பள்ளிக்கூடத்தில் மிஸ் கூப்பிட்டனுப்பினார். "உங்க பொண்ணு நல்லாத்தானுங்க படிச்சிட்டிருந்துச்சு. இப்ப எது கேட்டாலும் பதில் வர்றதில்லீங்க. 'இங்க வாங்க சாமி'ன்னு கூப்பிட்டாப் போதும், வலது கைக் கட்டைவிரலை அமுக்கிக்கிட்டே நிக்குதுங்க. ரப்பரோ பென்சிலோ, கையில எது இருந்தாலும் அதை அமுக்குதுங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். செல்போன்தான், வேறென்ன? கேம் விளையாடி விளையாடி விரல் கெட்டுப் போயிருக்கிறது. அன்றைக்கே போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். பென்சிலைப் பிடித்து நிற்கும் ஒரு பிள்ளையின் விரலைப் பார்த்து, பெஞ்சுக்கு அடியில் கால் மிதித்த நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான். அட கெரகமே!

இரண்டு வாரம் ஆகியும் விரல் நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை வாரிவிடும்போது, "சாமி, சித்த திரும்புங்க" என்றேன். அவள் கையில் இருந்த சீப்பைக் கட்டைவிரலால் அமுக்க ஆரம்பித்தாள். "என்னடி அமுக்கற?" என்று கேட்டேன்.

"சவுண்டு" என்றாள்.

"என்ன சவுண்டு?"

"அப்புச்சி அம்மாயிய ரூமுக்கு வாங்கன்னு கூப்பிடுவாருல்ல, அப்ப என்னை டிவி சவுண்டு வைங்க கண்ணும்பாரு. நா அம்பது வரைக்கும் வெப்பேன். அப்புச்சி வெளிய வந்து, கெட்டிக்காரிங்கன்னு சொல்லுவாரு." சீப்பை மறுபடி அமுக்கினாள். பிறகு, "அம்மா, நா சவுண்டு வெக்கலைன்னா அம்மாயிக்கு வலிக்காதா?" என்று கேட்டாள்.

என் கையிலிருந்து அவள் சடை நழுவிவிட்டது. நான் யாரிடமும் கேட்காமல் வைத்திருந்த கேள்வியை அவள் கேட்டுவிட்டாள்.

மறுநாள் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, என் வீட்டுக்காரரோடு விட்டுவிட்டு நான் மட்டும் அப்பா வீட்டுக்குப் போக வேண்டும் என்றுதான் இருந்தேன். அவள் தன் கலர் பென்சில் டப்பா அப்புச்சி வீட்டில் இருக்கிறது என்று அடம்பிடித்தாள். சரி, நாலு மணிக்கு இரண்டு பேரும் போவோம், அவள் சாமான்களை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று பர்மிஷன் போட்டேன். அங்கே போனதும் அம்மா காப்பி வைத்தாள். நான் பின்கட்டில் காய்ந்துகொண்டிருந்த பிள்ளையின் துணிகளை எடுக்கப் போனேன். திரும்புவதற்குள் ஹாலில் டிவி அலறியது.

ஹாலில் என் மகள் டிவியைப் பார்க்காமல், ரூம் கதவைப் பார்த்தபடி ரிமோட்டை அமுக்கிக்கொண்டு நின்றாள். நான் இருக்கும்போதே! பின்கட்டில் பெற்ற மகள் நான் நிற்கிறேன் என்று தெரிந்தும், ஒரு காப்பிக்காக! போய் டிவி சுவிட்சையே அணைத்தேன். வீடு கப்பென்று அடங்கியது. ரூமுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் மட்டும் தெளிவாக வந்தது. "இத்தனை வருசமாச்சுங்க, ஒரு காப்பி வெக்கத் தெரியலீங்களா?" அதற்குப் பிறகு ஓர் அறை. முப்பது வருசத்தில் அந்தச் சத்தத்தை நான் காதால் கேட்டது அப்போதுதான். சின்னச் சத்தம். அதை மூடவா அத்தனை மிஷின் ஓடியது?

கதவு திறந்தது. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "யாருங்க டிவியை நிறுத்துனது?" என்றார்.

"நான்தான்டா" என்றேன்.

அப்பா அப்படியே நின்றார். "என்னுங்க சொன்னீங்க?" என்றார், அதே தணிந்த குரலில். நான் கத்தினேன். "நான்தான்டா நிறுத்துனேன். இனி எம்புள்ளையக் கூப்பிட்டுப் பாரு, உன் கையை ஒடிச்சு அடுப்புல வெக்கிறேன்டா!" டிவி ஓடவில்லை, அதனால் தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுக்காரம்மா வாசலுக்கே வந்துவிட்டாள். அம்மா உதட்டில் ரத்தத்தோடு வெளியே வந்து, "புள்ளைக்கு முன்னால அப்பனை இப்படிப் பேசலாமா?" என்றாள். வா என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. நான் மகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். இரண்டே நாளில் ஒறம்பரை முழுக்க எனக்குப் போன். பெரியப்பா, மாமா, ஒன்றுவிட்ட அத்தை. அம்மாவின் உதடு என்னாயிற்று என்று ஒருத்தர் கேட்கவில்லை. "அடிச்சாரோ அடிக்கலையோ, அது புருசன் பொண்டாட்டி விசயமுங்க. ஆனா பெத்தவரை 'டா' போட்டுட்டீங்களே!" முப்பது வருசம் ஒரு பொம்பளையை அடித்தது அவர்களுக்கு விசயம், நான் போட்ட ஓர் எழுத்து குற்றம். கோயில் கமிட்டியில் அப்பாவுக்கு ஆறுதல் சொன்னார்களாம். தூ, இதுவும் ஒரு மரியாதை!

அம்மாவும் போன் செய்தாள், மன்னிப்புக் கேட்கச் சொல்லி. "ரிமோட்டை யார் அமுக்குனதுன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டேன்.

"புள்ள பொம்மைப் படம் பாக்குதுன்னு நெனச்சேன்."

"அவரு சொல்லித்தான் அமுக்குச்சு. என்னை மிஷின் போடச் சொன்ன மாதிரியே."

"மிஷினை நீயா போட்டே?" என்றாள் அம்மா. "டெய்லருங்க வந்துட்டாங்கன்னு நெனச்சேன் கண்ணு. வெளிய ஆளுக இருக்கறாங்க, கேட்டா மானம் போயிரும்னுதான் வாயைப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். இல்லீன்னா ஒரு நாளாச்சும் கத்தியிருப்பேன்."

நான் அழுதேன். என் கால் அவள் வாயைப் பொத்தியிருக்கிறது. எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது, அந்த மனுசனுக்கு மட்டும் தெரியும்.

மறுநாள் காலையில் அம்மா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள், ஒரு ஒயர் கூடையோடு. "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்" என்றாள். ஏழு மாதம் ஆகிறது. அப்பா ஹோட்டலில் சாப்பிடுகிறார், சர்வரை "வாங்க போங்க" என்று கூப்பிட்டுக்கொண்டு.

மகளின் விரல் அவ்வளவு சுலபமாக அடங்கவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் வீட்டில் 'ங்க'வையே விட்டுவிட்டோம். அம்மாவுக்குத்தான் நாக்கு திரும்பவில்லை. போன சனிக்கிழமை மத்தியானம் மகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சமையல்கட்டிலிருந்து, "சாமி, சாப்புட வாங்க" என்றாள். டிவி சத்தம் ஏற ஆரம்பித்தது. இருபது, முப்பது, நாற்பது. நான் எழுவதற்குள் அம்மா கரண்டியும் கையுமாக ஹாலுக்கு வந்து நின்றாள். அவள் கழுத்து நரம்பு புடைத்தது.

"ஏ கழுதை! சோறு ஆறுதுடி! அந்தக் கெரகத்தை நிறுத்திப்போட்டு வாடி!"

மகள் திரும்பிப் பார்த்தாள். ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்து ஓடினாள். என் அம்மா கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.